நடுக்கட்டத்து எறும்புகள்

நான் என்ஜினீயர் அல்ல. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பினாங்கில் பாதிப் பேர் என்னை அப்படி நினைத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேரையும் அப்படி நினைக்கவைக்க நான் படாத பாடு பட்டேன். சட்டைப்பையில் ஒரு மடக்கு அளவுகோல், தலையில் துரை வேண்டாமென்று போட்ட தொப்பி, முகத்தில் எதையோ மனக்கணக்குப் போடுவது போன்ற சுளிப்பு. இவ்வளவு போதும். அந்த அளவுகோலால் நான் செய்த உருப்படியான வேலை, கை எட்டாத இடத்தில் முதுகைச் சொறிந்துகொண்டதுதான்.

என் உத்தியோகம் வேலைத்தலத்துக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. அதிலும் முக்கால்வாசி வாய்வேலை. துரை ஆங்கிலத்தில் சொல்வதை ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஆட்கள் தமிழில் சொல்வதில் ஏச்சைக் கழித்துவிட்டு மீதியைத் துரைக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சில நாட்களில் மீதி என்று ஒன்றுமே இருக்காது.

ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து, மூட்டை முடிச்சோடு பினாங்குக்குக் கொண்டுவந்து, ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வேலைத்தலம் கடலோரத்தில் இருந்தது. துறைமுகத்துக்குப் போகிறவர்கள் எங்கள் வேலியை ஒட்டித்தான் நடந்து போவார்கள். அவர்களும் பேசமாட்டார்கள், நாங்களும் பேசமாட்டோம். எங்கள் ஆட்கள் மண்வெட்டியை இன்னும் கொஞ்சம் வேகமாக வீசுவார்கள்.

கட்டிக்கொண்டிருந்தது ஒரு வியாபாரியின் பண்டகசாலை. தரை முழுக்கக் கடல் சேறு. அஸ்திவாரக் குழி தோண்டுவதை நம்மவர்கள் வானம் தோண்டுவது என்பார்கள். காலையில் தோண்டிய வானத்தில் சாயங்காலம் கடல் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும். பம்பு வைத்து இறைக்க வேண்டும். கரை சரியாமல் இரண்டு பக்கமும் பலகை கொடுக்க வேண்டும். அடியில் பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்தின் கட்டைகளை வரிசையாக இறக்கி, அதன் மேல் உடைகல்லைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் துரையிடம் ஒரு நீளமான ஆங்கிலச் சொல் இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்காது. அவர் பேசி முடித்ததும், "ஒழுங்காச் செய்யணுமாம்" என்பேன். ஆட்கள் ஒழுங்காகச் செய்வார்கள். தமிழ் இவ்வளவு சுருக்கமான மொழியா என்று துரை வியப்பார்.

ஒருநாள் குழியின் விளிம்பில் நின்று, ஆழத்தைப் பார்வையிடுவது போல் முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளே விழுந்தேன். இடுப்பு வரை சேறு. மண் சுமக்கும் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து கால்சட்டை வாரைப் பிடித்து இழுத்தார்கள்.

"கிராணி ஐயா, ஆழம் எவ்வளவுன்னு எழுதிக்கிட்டீங்களா? இல்ல, இன்னொரு வாட்டி இறக்கி விடவா?" என்றாள் ஒருத்தி.

தொப்பி மட்டும் மிதந்தது. துரைக்கு அன்றைக்குத்தான் என்மேல் பிரியம் விழுந்தது.

அவர் நல்லவர், சின்ன வயது. எங்கள் வழக்கங்களைத் தெரிந்துகொள்ளும் ஆசை அவருக்கு நிறைய. அந்த ஆசையில் நான் குளிர் காய்ந்தேன். அமாவாசையன்று தமிழர்கள் தலையில் பாரம் தூக்கமாட்டார்கள், தூக்கினால் குலத்துக்கு ஆகாது என்று ஒருமுறை சொல்லிவைத்தேன். பாவம், நம்பி விடுமுறை கொடுத்தார். சில அமாவாசைகள் அப்படிச் சுகமாகக் கழிந்தன. பிறகு விவரம் தெரிந்த யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். கோபப்படவில்லை, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று முதல் நான், "எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, சார்" என்று தொடங்கினாலே சுட்டுவிரலை ஆட்டிக் கண்ணைச் சிமிட்டுவார். பட்டம் வாங்கியது போல் எனக்குப் பெருமையாக இருக்கும்.

எங்கள் கொத்தனார் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். சுண்ணாம்பு வேலையில் ஊறியவர். அவர் பூசிய சுவரில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். கான்கிரீட் அவருக்குப் புதிது. சிமெண்டை அவர் மாவு என்றுதான் சொல்வார்.

"சுண்ணாம்புன்னா அரைக்கணும், புளிக்க விடணும், அது பதம் வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கணும். இது என்ன கிராணி, காலைல கொழைக்கிறான், மறுநா கல்லாயிருச்சுங்கிறான். எனக்கு மனசு ஒப்பல."

"உங்களுக்கு ஒப்பலேன்னு சிமெண்டுகிட்ட சொல்லிடவாண்ணே?"

"சொல்லு லா. நீதான் எல்லா பாஷையும் பேசுறவனாச்சே."

அவருக்கு ஒரு தம்பி. சின்னவன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டுக் கப்பலுக்குக் காத்திருந்தவனை, கொத்தனார் துறைமுகத்துக்கே போய் அழைத்துவந்து எங்கள் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். ஊரில் அவர்களுக்கு வீடும் இல்லை, காத்திருக்க ஆளும் இல்லை. மண் சுமக்கிற பெண்களில் ஒருத்திதான் சின்னவனின் மனைவி, வயிற்றில் பிள்ளை. அவனுக்குக் கிடைத்த வேலை பலகையும் முட்டும். கான்கிரீட் கொட்டுவதற்கு முன் பலகையை விரித்து, அடியில் மரமுட்டுகளை நிறுத்தி, ஒவ்வொரு முட்டின் காலிலும் ஆப்பு இறுக்குவது அவன். மேலே கான்கிரீட் இறுகிய பிறகு உள்ளே புகுந்து, ஆப்பைத் தட்டி முட்டை எடுப்பதும் அவன்தான். அவன் குனிந்து உள்ளே போகும்போதெல்லாம் கொத்தனாரின் கை கரணையோடு அப்படியே நின்றுவிடும். அவன் வெளியே வந்து தலையிலிருந்து தூசியைத் தட்டிய பிறகுதான் மறுபடி ஓடும்.

மேல்தளம் போடும் நாள் நெருங்கியது. மூன்று கட்டமாகப் போடுவதாகத் திட்டம். ஓரக்கட்டங்கள் இரண்டு, நடுவில் பெரியதாக ஒன்று. அந்தச் சமயத்தில்தான் சிமெண்டு கொட்டகைக்குப் பின்னால் ஒரு பீப்பாயைக் கண்டேன். சாக்குப் போட்டு மூடியிருந்தது. திறந்தால் கள் வாசம். யாரோ மறைவாகக் கள் பதுக்கியிருக்கிறார்கள், அதிகாரி என்ற முறையில் சோதிப்பது என் கடமை என்று முடிவுசெய்து, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடித்தேன். இனிப்பாகத்தான் தொடங்கியது, முடிவில் துவர்த்தது. ஒருவேளை தரம் அப்படியோ என்று இன்னொரு சிரட்டை சோதித்தேன்.

கொத்தனார் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அடப் பாவி, அது கள்ளு இல்லடா! கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப் போட்டிருக்கேன். சுண்ணாம்புக்கு ஊத்துற தண்ணி. குடிச்சிட்டியா?"

"கொஞ்சம்தாண்ணே."

"கொஞ்சமா? நாளைக்கு நீ வேலைக்கு வந்த மாதிரிதான்."

கைப்பிடிச் சுவர்ப் பூச்சுக்காக ஊறுகிறது என்று சொன்னார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக் கடையில், ஊரிலிருந்து ஓலைக்கொட்டானில் வந்த அசல் கருப்பட்டியாகப் பார்த்து வாங்கினாராம். இங்கே கிடைக்கும் தேங்காய்ச் சீனி ஆகாதாம். நான் அதையெல்லாம் பாதிதான் கேட்டேன். கடுக்காய் என்ன செய்யும் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். எனக்கும் அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது.

மறுநாள்தான் மேல்தளம். ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி என்று பெட்டி பெட்டியாக எண்ணி ஏற்ற வேண்டிய கிராணி, அன்று முழுக்க ஜாம்பான் என்கிற கக்கூஸை விட்டு வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். மண்வெட்டி பலகையில் உரசும் சத்தம், சட்டி கை மாறும் சத்தம், கம்பி கட்டியவன் ஏசும் சத்தம். துரை முதல் கலவையில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக் கட்டிகள் வார்த்துவைத்தார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

தளத்தின் மேல் கோணிச்சாக்கை விரித்து, காய்ந்து வெடிக்காமல் நாள்தோறும் நனைத்துவந்தார்கள். நான் உடம்பு தேறி வந்தபோது ஓரக்கட்டங்கள் இறுகிவிட்டன. நடுக்கட்டம் மட்டும் கறுத்து ஈரமாகவே கிடந்தது. மழைதான் காரணம் என்றார் துரை. ஓரத்தில் ஏன் மழை பெய்யவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் நிழலுக்காகத் தளத்தின் அடியில் ஒதுங்கியபோதுதான் எறும்புகளைப் பார்த்தேன். நடுக்கட்டத்து முட்டுகளில் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தன. பலகை இடுக்கில் கலவைத் தண்ணீர் கசிந்து சொட்டிய இடங்களிலெல்லாம் கறுப்பாக மொய்த்துக் கிடந்தன. ஓரக்கட்டத்து முட்டுகளில் ஒன்றுகூட இல்லை.

பக்கத்தில் கொத்தனார் நின்றிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னண்ணே, எறும்புக்கெல்லாம் கான்கிரீட்டு தின்ன ஆசை வந்திருச்சா? கப்பல் ஏறப் பயந்துகிட்டு இங்க வேலை கேட்டு வந்திருக்குதுங்களோ?"

அவர் சிரிக்கவில்லை. முட்டில் கையை வைத்தார். எறும்புகள் அவர் விரல் மேல் ஏறிப் போயின. உதறவில்லை.

"நடுக்கட்டத்துக்கு ஊத்தினேன் கிராணி" என்றார்.

"எதை?"

"பீப்பாயை. அந்த மாவு மேல நம்பிக்கை இல்ல எனக்கு. நடுவுலதான பாரம் அதிகம்? அதுக்கு அடியிலதான சின்னவன் பூந்து முட்டு எடுக்கணும்? சுண்ணாம்புல இதை ஊத்தினா நூறு வருசம் நிக்கும். இதுவும் நிக்கட்டும்னு ஊத்தினேன்."

மேலே போய்ச் சாக்கை விலக்கிப் பார்த்தோம். ஓரத்தில் ஆணியால் கீறினால் ஆணிதான் தேய்ந்தது. நடுவில் கீறினால் கோடு விழுந்தது. அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஆணி இறங்கியது. இரண்டுக்கும் ஒரே சிமெண்டு, ஒரே மணல், ஒரே வெயில். வித்தியாசம் பீப்பாய் ஒன்றுதான். இனிப்புக்கும் சிமெண்டுக்கும் ஆகாது என்று புத்தகம் படித்த ஒருவர் பல காலம் கழித்து எனக்குச் சொன்னார். எங்களுக்கு அன்றே எறும்புகள் சொல்லிவிட்டன.

"துரைகிட்ட சொல்லு" என்றார் கொத்தனார். "என்னைத் தூக்கி உள்ள போடட்டும், கப்பல்ல ஏத்தட்டும். அவன் அடியில போகக் கூடாது."

அன்று காலைதான் துரை உத்தரவு போட்டிருந்தார், மறுநாள் முட்டெடுக்க வேண்டும் என்று. பண்டகசாலைக்காரருக்கு அரிசி மூட்டைகள் வந்து இறங்கியிருந்தன. அவர் நாளுக்கு இருமுறை வந்து வாசலில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

நான் துரையிடம் போனேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வாய் தானாக, பழகிய வழியில் போய்விட்டது.

"சார், எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கலவையில் பனைவெல்லம் ஊற்றுவது..."

சுட்டுவிரல் ஆட ஆரம்பித்தது.

நான் விடவில்லை. பீப்பாயைச் சொன்னேன், கடுக்காயைச் சொன்னேன். எறும்புகளைச் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்து மேசையைத் தட்டிச் சிரித்தார். கான்கிரீட்டை எறும்பு தின்கிறது! அமாவாசையை விட இது பிரமாதம் என்றார். நான் சத்தியம் செய்தேன், அதற்கும் சிரித்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே அழைத்துப் போனேன். பேனாக்கத்தியால் நடுவில் ஓரிடத்தில் கீறினார். கோடு விழுந்தது. ஈரச்சாக்குக்கு அடியில் மேல்தோல் அப்படித்தான் இருக்கும், உள்ளே கல்லாக இருக்கும் என்றார். கீழே வந்து சோதனைக் கட்டி ஒன்றைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். மணிபோல் கேட்டது. அது பீப்பாய் திறக்கப்படுவதற்கு முன் எடுத்த கலவை என்றேன். அவர் என் முதுகில் தட்டி, உனக்கு ஒருநாள் விடுமுறை வேண்டுமென்றால் நேராகக் கேள் என்றார்.

என் வாழ்நாளில் நான் அவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் சொன்னதில்லை. அவரும் அவ்வளவு சிரித்ததில்லை.

கொத்தனாரிடம் வந்து சொன்னேன். அவர் சின்னவனைக் கூப்பிட்டார்.

"புக்கிட் மெர்தாஜாம் கோயிலுக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. காலைல முதல் படகுல அக்கரைக்குப் போயி, அங்கேருந்து ரயிலேறி, தேங்கா உடைச்சிட்டு வா."

"நாளைக்கா? முட்டு எடுக்கணுமேண்ணே."

"முட்டு எங்கயும் போயிராது. உம் பொண்டாட்டிக்குத்தான் வேண்டுதல். போயிட்டு வா."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். அவனுக்கு எதுவும் தெரியாது. அண்ணன் சொல்லவும் இல்லை.

"நாமளும் ஓடிரலாமேண்ணே" என்றேன். "இல்லேன்னா நடு முட்டை விட்டுட்டு ஓரத்தை மட்டும் எடுப்போம். அப்புறம் பாத்துக்கலாம்."

"துரை பாத்தா வேற ஆளை உள்ள அனுப்புவாரு. அவன் மட்டும் எவன் பெத்த புள்ளை?"

மறுநாள் காலை அவர் ஆட்களையெல்லாம் வேலிக்கு அப்பால் போகச் சொன்னார். ஏன் என்று கேட்டவர்களிடம், மேலேயிருந்து பலகை விழும் என்றார். சுத்தியலை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனார். நான் வாசல்படியில் நின்றேன். அதற்கு மேல் என் கால் வரவில்லை.

ஓரத்து ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். முட்டு தளர்ந்து சாயும், தளம் அசையவில்லை. நல்ல கான்கிரீட் அல்லவா. வெளியே இழுத்துப் போட்டார்.

"நிக்குது கிராணி!"

"நிக்கும்ணே. எறும்பெல்லாம் சேர்ந்து தாங்கும்."

"வாயைக் கழுவு" என்றார். ஆனால் சிரித்தார். அந்த ஒருமுறைதான்.

துரை வந்துவிட்டார். நடு முட்டுகளைக் கைகாட்டி அதை எடு என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. கொத்தனாருக்குப் புரிந்துவிட்டது. முதல் ஆப்பை மெல்லத் தட்டினார். கொஞ்சம் தளர்த்தி நிறுத்தி, அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. இரண்டாவதைத் தட்டினார். பலகை முனகியது. அவர் தட்டிய ஆப்பைத் திரும்ப இறுக்கத்தான் குனிந்தார். அதை என் கண்ணால் பார்த்தேன்.

இடிந்து விழும் சத்தம் எதுவும் இல்லை. பெரிய அண்டாவிலிருந்து குழைந்த சோற்றைக் கவிழ்த்தது போல் இருந்தது. அப்புறம் மரங்கள் முறிந்தன. புழுதிகூடக் கிளம்பவில்லை, ஈரம்.

பெண்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். துரையும் சட்டையோடு இறங்கிக் கையால் தோண்டினார். கம்பிகள் வளைந்து வலைபோல் தொங்கின. அவரை வெளியே எடுத்தபோது முகம் தெரியவில்லை. கழுவக் கழுவச் சாம்பல் நிறம் போகவில்லை. மேலே இரண்டு ஓரக்கட்டங்களும் அப்படியே நின்றன. நடுவில் வெறும் ஆகாயம்.

சின்னவன் பிற்பகல் படகில் வந்தான். ஒரு கையில் வாழையிலையில் மடித்த திருநீறு, மறு கையில் தேங்காய் மூடி. வேலிக்கு வெளியே கூட்டத்தைப் பார்த்ததும் நடை மெதுவானது. யாரும் அவனிடம் ஓடிப் போகவில்லை. அவனாக வந்து பார்த்தான். திருநீற்றை அண்ணன் நெற்றியில் பூசினான். தேங்காய் மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றான்.

துரை என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முழங்கை வரை சிமெண்டு காய்ந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. அந்தச் சர்க்கரைக் கதை, அது உண்மையா, இல்லை உன் அமாவாசைக் கதைகளில் ஒன்றா என்று கேட்டார்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. உண்மை என்றால் என்ன நடக்கும்? கூலிகள் கலவையில் எதையோ கலந்தார்கள் என்றாகும். போலீஸ் வரும். கூட்டம் முழுவதும் அடுத்த கப்பலில் ஏறும். முதலில் சின்னவன், வயிற்றுப் பிள்ளையோடு அவன் மனைவி. அதற்கும் மேலே, தன்னைக் காப்பாற்றத்தான் அண்ணன் அதை ஊற்றினார் என்று அவனுக்குத் தெரியவரும்.

"விளையாட்டுக்குச் சொன்னேன், சார்" என்றேன்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. தொப்பியைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

"என்னண்ணே கேட்டாரு?" என்றான் சின்னவன்.

"சிமெண்டு நல்லா இருந்துச்சான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லேன்னேன்."

கடல்காற்று பட்டுச் சிமெண்டு மூட்டைகள் கெட்டுப்போயின என்று முடிவானது. கடல்காற்று மறுப்பு எதுவும் சொல்லவில்லை. கூட்டத்தில் யாரும் கப்பல் ஏறவில்லை. கொஞ்ச நாள் கழித்து நடுக்கட்டத்தை மறுபடி போட்டார்கள். அது நின்றது, இன்றும் நிற்கிறது. நான் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயும் என்னை என்ஜினீயர் என்று சொல்லிக்கொண்டேன்.

சின்னவனை வழியில் அடிக்கடி பார்ப்பேன். பார்த்தால் விடமாட்டான். பள்ளிவாசல் சாலையில் ஒரு காப்பிக் கடைக்கு இழுத்துப் போவான். இரண்டு கருப்பட்டிக் காப்பி சொல்வான். அண்ணனுக்கு அது ரொம்பப் பிடிக்குமாம். நான் மறுக்கக் காரணம் என்ன சொல்வது? குடிப்பேன். பாழாய்ப்போன சிமெண்டு என்று அவன் தொடங்குவான், ஆமாம் என்பேன். போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவனும் போய்விட்டான். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

கடைசியாகப் பார்த்த அன்றும் காப்பி வந்தது. குவளையின் அடியில் தங்கிய கருப்பட்டித் தூளை விரலால் வழித்து நக்கிக்கொண்டே, "கிராணி அண்ணே, ஏதாச்சும் சிரிக்கிற மாதிரி சொல்லுங்களேன்" என்றான்.

குழியில் விழுந்த கதையைச் சொன்னேன். தொப்பி மிதந்ததைச் சொல்லும்போது, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.